மரியதாஸின் வெள்ளைத் தட்டு

டீசல் பம்ப் மெக்கானிக் மரியதாஸ் போன செவ்வாய்க்கிழமை காலை இறந்துவிட்டார். பென்னலூரில் வீட்டு வாசலில் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தவர் அப்படியே கீழே உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி ரெஜினா போன் செய்தபோது நான் கடையில் ஒரு லாரிக்காரரிடம் ஃபில்டர் விலை பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் நம் உதிரிபாகக் கடைக்காரர்கள் சார்பில் ஃபிளெக்ஸ் வைத்தோம். ‘நேர்மையின் மறு உருவம்’ என்று போட்டிருந்தது. அந்த நேர்மைக்காக அவருக்கு இரண்டு வருஷம் வேலை கொடுக்காதவர்கள்தான் சேர்ந்து வைத்தோம். முதல் ஆள் நான். இதைப் படிக்கிற கடைக்காரர்களான உங்களில் பலருக்கும் இது தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

அவரிடம் ஓரம் சில்லு பெயர்ந்த ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு இருந்தது. வண்டி இழுக்கவில்லை, ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் வந்தாலும், ஹை பிரஷர் பம்பில் இருக்கும் சின்ன வால்வைக் கழற்றி, உள்ளே தேங்கிய டீசலை அந்தத் தட்டில் கவிழ்ப்பார். வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். அடியில் ஒரு காந்தத்தை மெதுவாக நகர்த்துவார். பழுப்பாக மங்கிக் கிடந்தால் டேங்க் துரு. மினுமினுவென்று காந்தத்தின் பின்னாலேயே ஓடினால், “ஜிகினா வந்துடுச்சி, மொதலாளி. பம்ப் தன்னைத்தானே தின்னுது” என்பார். பம்ப் தேய்ந்து வரும் அந்த இரும்புத் தூள், இஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இஞ்செக்டரில் நேரே போய் அடைக்கும். மிச்சம் திரும்பும் குழாய் வழியாக டேங்க்குக்கே வந்துவிடும். நாலு இஞ்செக்டரை மட்டும் மாற்றிக் காசு வாங்குகிறவர்களைப் பார்த்து, “குளிச்சிட்டு அதே அழுக்குச் சட்டையை மாட்டி அனுப்புறீங்களே” என்று சிரிப்பார்.

ஒரு நாள் யாரோ தெரியாமல் அந்தத் தட்டில் பஜ்ஜியை வைத்துவிட்டார்கள். “இன்னிக்கு டீசல்ல பஜ்ஜி கலப்படம்னு சீட்டு எழுதிடவா?” என்று கேட்டார். நான்தான் அதிகம் சிரித்தேன். ‘டீசல் கலப்படம்’ என்ற இரண்டு வார்த்தை நம் ரோட்டில் எப்பேர்ப்பட்ட சரக்கு என்று எனக்குத் தெரியும். மெக்கானிக் எழுதித் தரும் பழுதுச் சீட்டில் அது விழுந்துவிட்டால், நாம் விற்ற பம்புக்குக் கேரண்டி கிடையாது. பழி வண்டிக்காரர் மேல்.

வாலாஜாபாத்தில் குமுதா என்பவர், கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் ஒரு வேன் வைத்திருந்தார். இருந்தது அந்த ஒரு வண்டிதான். நான் விற்ற ரீகண்டிஷன் பம்பும் நாலு இஞ்செக்டரும் மூன்றே மாதத்தில் போய்விட்டன. மரியதாஸ் கவிழ்த்தார். தட்டு முழுக்க ஜிகினா. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கலப்படம் என்று எழுதச் சொன்னேன்.

“தட்டுல ஒண்ணு, சீட்டுல ஒண்ணு எழுத மாட்டேன், மொதலாளி. வேற ஆள் பாரு.”

பார்த்தேன். வேறு ஆள் எழுதினார். வேறு பம்ப் வாங்கக் காசில்லாமல் குமுதா வேனை விற்றார். அதற்குப் பிறகு நானும் நீங்களும் மரியதாஸிடம் வேலை அனுப்புவதை நிறுத்தினோம். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. ஆனாலும் ஒருவரும் அனுப்பவில்லை. அவர் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போனார். ஒரு தடவை சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் யூனிபாரத்தோடு நின்றார். நான் பார்க்காததுபோல் போனை எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: “போன் தலைகீழா கீது.”

அப்புறம் எனக்கே வந்தது. நான் ஒரே இடத்தில் வாங்கி விற்ற பம்புகள் போட்ட மூன்று லாரிகள் ஒரு மாதத்துக்குள் திரும்பின. மூன்றும் ஒரே முதலாளியுடையவை. கலப்படம் என்று சீட்டு நீட்டினேன். “அதே பங்க்ல என் இருபது வண்டி டீசல் போடுது. அதெல்லாம் எப்படி ஓடுது?” என்று கேட்டுவிட்டு அவர் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பென்னலூருக்குப் போனேன். மரியதாஸ் வர ஒத்துக்கொண்டார். ஆனால் இனி பம்பைத் திறப்பதற்குச் சில நிபந்தனைகள் போட்டார். அவற்றோடு, குமுதாவிடம் நானே போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன். அவர் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் சரக்கை வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பிக் கடையைக் காப்பாற்றினேன்.

குமுதாவிடம் போகவில்லை. மரியதாஸ் மூன்று முறை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது உறுத்துவது அந்த நிம்மதிதான்.

கல்லறைத் தோட்டத்துக்குக் குமுதாவும் வந்திருந்தார். இப்போது வேறொருவரின் வேனைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். மண் போட்டு முடித்ததும் அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

“தெரியும் சார். மரியதாஸ் அண்ணன் அன்னிக்கே சொல்ட்டாரு. நீங்க எப்ப சொல்வீங்கன்னுதான் பாத்துகினு இருந்தேன். இப்ப சொல்றீங்க, அவரு காதுல வுழாதே.” பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்த பழைய சீட்டை எடுத்தார். “நான் மட்டமான டீசல் ஊத்தி வண்டியக் கெடுத்தேன்னு எங்க வூட்ல இன்னும் பேசுறாங்க. இதுல எழுதிக் குடுங்க.”

கலப்படத்தை அடித்துவிட்டு, ‘பம்பில் உலோகத் தூள், நான் விற்ற பம்ப்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

தட்டையும் காந்தத்தையும் ரெஜினாவிடம் கேட்டேன். விலை வேண்டாம் என்றார். ஆனால் மரியதாஸ் திரும்பி வந்த அன்று என்னிடம் வைத்த நிபந்தனைகளை அவரும் மறக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லி, தலையாட்ட வைத்துவிட்டுத்தான் கொடுத்தார். தட்டு இப்போது என் கடை முன்மேசையில் இருக்கிறது. ஒத்துக்கொண்டது இதுதான்: பம்பைத் திறக்கும் முன்பே மெக்கானிக் கையில் ஐந்நூறு ரூபாய், திறந்த பிறகு சீட்டை மாற்றி எழுத யாரும் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. கவிழ்க்கும்போது வண்டிக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். தட்டில் இருப்பதுதான் சீட்டில்.