ஈயக் குண்டுகளுக்கு நீலப் பூச்சு

அவர் இறந்து இரண்டு மாதமாகியும் நான் கெல்லருக்குள் இறங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில் எங்கள் குடியிருப்பின் அடியிலிருந்த அந்த நிலவறையில்தான் என் கணவர் ஈயத்தை உருக்கித் தன் ரிவால்வருக்குக் குண்டு வார்ப்பார். சுவிஸ் குடியுரிமை கிடைத்த பிறகு துப்பாக்கி சுடும் கழகமொன்றில் சேர்ந்தவர். சேர்ந்த அன்று நான் சண்டை பிடித்தேன்.

“வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே மட்டக்களப்பை விட்டு ஓடி வந்தம்? இங்க வந்து நீங்களே சுடப் போறீங்களோ?”

“இங்க நான் சுட்டா ஒருத்தரும் திருப்பிச் சுடமாட்டினம்,” என்றார்.



அவருடைய கழகத் தோழர், ஓய்வுபெற்ற சுவிஸ் பஸ் சாரதி, ரிவால்வரைத் தன் பெயருக்கு மாற்றி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர் வருமுன் கூட்டித் துடைக்கத்தான் இறங்கினேன். மேசையில் ஐஸ்கிறீம் டப்பா நிறைய வார்த்த குண்டுகள், பூச்சுப் போடாமல் கிடந்தன. அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. சாப்பிடக் கூப்பிடப் போய்ப் படியில் நின்று என் கணவர் பூச்சுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கையுறை போட்டுக்கொண்டு, குண்டுகளை, சூட்டில் உருகி ஒட்டும் நீலப் பூச்சுத் தூளோடு டப்பாவில் குலுக்கினேன். ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தட்டில் நிறுத்தி, அவருடைய சிறிய மின்சார அவணில் சுட வைத்தேன். வெளியே எடுத்தபோது அழகாகத்தான் இருந்தன. பூச்சுப் பிடித்ததா என்று பார்க்க, அவர் செய்வதுபோல ஒன்றைச் சுத்தியலால் தட்டினேன். பூச்சு முட்டை ஓடு போல உரிந்து விழுந்தது. செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை நான்.

மறுநாள் வந்த சாரதி குண்டுகளை உருட்டிப் பார்த்தார்.

“அவண் சூடாகும் முன் வைத்துவிட்டீர்கள்,” என்றார் ஜெர்மனில். “உரித்துவிட்டுத் திரும்பப் போடுவோம்.”

இம்முறை தட்டியபோது குண்டு நசுங்கியது, பூச்சு விடவில்லை. பூச்சால் தடித்த குண்டு தோட்டாவின் கோதுக்குள் சரிவராது என்று, ஒவ்வொன்றையும் எஃகு வளையமொன்றுக்குள்ளால் தள்ளி அளவாக்கினோம். அவர் குண்டை வைத்துத் தர, நான் மேசையிலிருந்த அழுத்துப் பொறியின் நெம்புகோலை அழுத்தினேன். பக்கத்தில் ஒரு மனிதர் மூச்சுவிடும் சத்தம் போதுமாக இருந்தது.

“தோட்டாவாக்கி வைக்கிறேன். சனிக்கிழமை கழகத்துக்கு வாருங்கள். முதல் வெடி உங்களுடையது,” என்றார் சாரதி.

போனேன். காதுகளை மூடி, ரிவால்வரை இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை சுட்டேன். இலக்குக் கடதாசியில் துளையே இல்லை. இருந்தும் கை தட்டினார்கள். இதை என் கணவரிடம் சொல்லவேண்டுமென்று திரும்பினேன். பின்னால் உட்காரும் வாங்கு வெறுமையாகக் கிடந்தது. மிச்சத்தைச் சாரதி சுட்டார்.

பஸ்ஸில் வரும்போது லவுசானிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

“எங்கம்மா போனீங்க? எத்தினை தரம் எடுத்தனான்.”

“சுடப் போனனான்.”

“என்ன சுட்டீங்க, தோசையோ?” அவளுக்குப் பின்னால் யாரோ பிரெஞ்சில் கூப்பிட்டார்கள். “வேலையில நிக்கிறன் அம்மா, கெதியாச் சொல்லுங்கோ.”

“ஓம், தோசைதான்,” என்றேன்.