ஷியோகாசேயில் எனக்கொரு சீட்டு

ஜப்பான் டூருக்கு மகன் எடுத்த ரயில் டிக்கெட்டில் வண்டியின் பெயர் ‘ஷியோகாசே’ என்றிருந்தது. படித்ததுமே என் மூக்கில் அப்பா வேலை பார்த்த பழைய பம்மல் தோல் கம்பெனி வாடை அடித்தது.

அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்துதான் அப்பா அந்தப் பெயரைச் சொல்வார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலேயாவில் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஷியோகாசே என்பது அங்கே வந்து நின்ற ஜப்பான்காரனின் போர்க்கப்பலாம், பீரங்கிகள் ஊரைப் பார்த்தே நிற்குமாம்.

ஒருமுறை மாமா ஜப்பான் ரேடியோ வாங்கி வந்தார். அப்பா அதைத் திருப்பினார், முகர்ந்தார், பின்மூடியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடினார். பிறகு வீட்டுக்குள் விடாமல் வேப்பமரத்தடியில் வைத்தார்.

“இன்னாய்யா, அதுக்குள்ள குண்டா கீது?” என்றாள் அம்மா.

“உனுக்கு இன்னா தெரியும்? அந்தக் கப்பல் எங்கியோ நின்னுகினு கீது. ஒருநாள் வரும் பாரு.”

மழை வந்தபோது அம்மாதான் ரேடியோவை முந்தானையில் மூடி உள்ளே கொண்டுவந்தாள். அன்றிரவு அப்பா வெளித் திண்ணையில் தூங்கினார்.

நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். செம்பாக்கத்தில் மூன்று மாடி கட்டினேன். எவனும் என்னை ஏமாற்றியதில்லை. எதையும் திருப்பிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. டிக்கெட்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த வண்டியென்றால் நான் வரவில்லை என்றேன்.

“அப்பா, அந்தப் பேர்ல கப்பலும் இருந்துச்சு, இப்ப எக்ஸ்பிரஸும் ஓடுது. அவ்ளோதான்பா,” என்றான் மகன். “நீங்க வரலைன்னா நாங்களும் போகல.”

மருமகள் பெட்டியை மூடாமல் என்னையே பார்த்தாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஜன்னலோரம் வேண்டாம், கதவுக்குப் பக்கத்து சீட்டாகப் போடு என்றும் சொல்லியிருக்கிறேன்.