மச்சாள் உடைத்த போத்தல்

மகன் கிளாஸை நீட்டியபோது முதலில் வேண்டாமென்றுதான் சொன்னேன். கோயில் தீர்த்தத்துக்கு மேல் எதையும் ருசி பார்க்காதவள் போல நடிப்பதில் நான் கெட்டிக்காரி. ஸ்கொட்லாந்து விஸ்கியாம், போட் வைன் என்கிற இனிப்பு வைன் முன்பு இருந்த பீப்பாவுக்குள் கடைசியில் ஊறவிட்டு எடுத்ததாம். நுனிநாக்கில் ஒரு துளி வைத்தேன். எரிந்தது. பிறகு மெல்ல வந்தது அந்த இனிப்பு, உலர்ந்த திராட்சை வாசம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

பீப்பா என்ற சொல்லே போர்த்துக்கேயப் பறங்கியர் எங்களுக்கு விட்டுப்போனதென்பார்கள். அலுமாரியும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் எங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு போட் வைன் போத்தல் இருந்தது. எங்களோடு இருந்த என் கணவரின் அக்கா ரஞ்சி மச்சாளுடையது. அவருடைய கணவரை நான் அண்ணை என்பேன். வெளிநாட்டுக் கப்பலில் வேலை. கடைசி லீவில் அதைக் கொண்டுவந்தவர், அடுத்தமுறை வந்து இரண்டுபேருமாக உடைத்துக் குடிப்போம் என்று வைத்துவிட்டுப் போனார். பிறகு சண்டை மூண்டது, பாதை அடைபட்டது, அண்ணையைப் பற்றிய சேதியும் நின்றுபோனது. வெள்ளிக்கிழமைகளில் மச்சாள் அந்தப் போத்தலை எடுத்துத் துடைத்து வைப்பார். அதைப்பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

தொண்ணூற்றிரண்டில் மகன் பிறந்தான். எனக்கு நிறைய இரத்தம் போய்விட்டது. பொருளாதாரத் தடைக்காலம், சத்து மருந்துமில்லை, பால்மாவுமில்லை. எனக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். பிள்ளை பெற்றவளுக்கு வைன் கொடுத்தால் உடம்பு தேறும் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். ஒரு மத்தியானம் மச்சாள் சின்னக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"அண்ணை வந்து கேட்டால் என்ன சொல்லுவியள்?" என்றேன்.

"கேக்கிறதுக்கெண்டாலும் வரட்டும். நீ உதைக் குடி, பிள்ளை."

குடித்தேன். ருசியாகவும் இருந்தது, அதுதான் இன்றைக்கும் குத்துகிறது. மறுநாள் அவர் கோப்பையோடு வரும் நேரத்தை என் வாய் பார்த்துக்கொண்டிருந்தது.

பால் வந்தது. பிள்ளை தேறினான். வைனாலோ, மச்சாள் மல்லி மிளகு போட்டுக் காய்ச்சித் தந்த சரக்குத் தண்ணியாலோ, தெரியாது. போத்தல் முடிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, கையில் துணியோடு வந்து அலுமாரியைத் திறந்தார். பிறகு கதவைச் சாத்தி, அதன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நான் பிள்ளையின் பக்கம் திரும்பி, நித்திரைபோலக் கிடந்தேன்.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகுதென்று ஊரே வெளிக்கிட்டபோது கைதடிவரை ஒன்றாக நடந்தோம். பிள்ளைக்காக நாங்கள் வன்னிக்கும், அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போவதென்று முடிவெடுத்தோம். எவ்வளவோ கேட்டும் மச்சாள் வர மறுத்துவிட்டார்.

"அவர் வந்தால் கோப்பாயிலைதான் தேடுவார்."

ஊருக்குத் திரும்பிப்போய்த் தனியாக இருந்து, அங்கேயே கண்ணை மூடினார். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை, போக முடியவில்லை. அண்ணை எந்தக் கடலில் என்ன ஆனார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

போன வருஷம் உறவுக்காரர் ஒருவர் கோப்பாய் போய்வந்தார். வேலிகளெல்லாம் மதிலாகிவிட்டனவாம். எங்கள் வளவில் கிணற்றைத் தூர்த்து யாரோ மாடிவீடு கட்டியிருக்கிறார்களாம். ரஞ்சி என்றொருவர் இருந்த வீடு எது என்று அந்த ஒழுங்கையில் விசாரித்தாராம். அப்படி ஒருவரும் இங்கே இருக்கவில்லை என்றார்களாம்.