அப்பாவுக்கும் முருகேசன் அங்கிளுக்கும் நடுவில் ஒரு பலகை

ஸ்காட்லாந்தில் 1890ஆம் ஆண்டு நடந்தவற்றில் எனக்கு இன்றும் மனப்பாடமாக இருப்பவை:

1. மார்ச் மாதம், ஃபோர்த் ஆற்றின் கழிமுகத்துக்கு மேலே கட்டிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. கடைசி ரிவெட் ஆணிக்குத் தங்க முலாம் பூசியிருந்தார்கள்.
2. ஆகஸ்டில், கால்பந்து கிளப்புகள் சில ஒன்றுசேர்ந்து ஒரு லீக் தொடங்கின. முதல் தொடரின் முடிவில் வெற்றியை இரண்டு அணிகள் பங்கிட்டுக்கொண்டன.
3. டிசம்பரில், வேலை நேரம் தாங்க முடியாத நீளம் என்று ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில், நான் ஏழாவது படித்த வருடம் நடந்தவை:

4. ஊரின் ஒரே தமிழ்ச் சங்கம் இரண்டானது.
5. யாழினி எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது.

இந்த ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்த இடம் எங்கள் கராஜ். வெயிலில் சூடேறிய அரிசிச் சாக்கின் வாசனையும், அப்பா அறுத்த துடைப்பக் கட்டையின் மரத்தூள் வாசனையும் கலந்து அங்கே நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சங்கம் உடைந்த கதை சின்னது. அதற்கு முந்தைய பொங்கல் விழாவில் செயலாளராக இருந்த அப்பா, ஹாலைக் காலி செய்ய வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று, நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்த முருகேசன் அங்கிளின் மைக்கை ஆஃப் செய்துவிட்டார். அங்கிள் அப்போது பொங்கல் கிண்டிய பெண்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்; சுமதி ஆன்ட்டியின் பெயர், அதாவது அவருடைய மனைவியின் பெயர், இன்னும் வந்திருக்கவில்லை. "நேரத்தைப் பார்த்தவன் ஆளைப் பார்க்கலையே" என்று அங்கிள் பலரிடம் சொன்னார். "ஆளைப் பார்த்துட்டு நின்னிருந்தா ஹால்காரன் அடுத்த வருஷம் உள்ளயே விடமாட்டான்" என்று அப்பாவும் பலரிடம் சொன்னார். அடுத்த பொங்கலுக்கு ஒரே நாளில், இரண்டு பள்ளிக்கூடக் கேன்டீன்களில், இரண்டு விழாக்கள் நடந்தன. யாழினி அவர்களின் ஒரே மகள். மூன்றாம் வகுப்பிலிருந்து என் சிநேகிதி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரே காரில் போய்க்கொண்டிருந்த நாங்கள் வெவ்வேறு கார்களில், பிறகு வெவ்வேறு வகுப்புகளுக்கே போக ஆரம்பித்தோம்.

எங்களை மறுபடி ஒன்றாக உட்காரவைத்தது அப்பாக்களின் பெயர்கள்தான். எங்கள் வீடுகளில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரே கடைசிப் பெயர். வரலாற்றுப் போட்டிக்கு ஆசிரியை வருகைப் பதிவின் வரிசைப்படி இருவர் இருவராகப் பிரித்தபோது, எனக்கு, அதாவது வர்ஷா மோகனுக்கு, அடுத்ததாக யாழினி முருகேசன் இருந்தாள். ஒரு நாடு, ஒரு வருடம், அதைக் கண்முன் நிறுத்த ஏதாவது ஒன்று. சீட்டில் எங்களுக்கு வந்தது ஸ்காட்லாந்து, 1890.

பாலத்தைப் பற்றித் தேடியபோது, அது கட்டப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. இரண்டு பேர் நாற்காலிகளில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அகல விரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கையிலும், நாற்காலியின் அடியிலிருந்து சாய்வாக மேலேறும் ஒரு கழி. வெளிப்பக்கக் கைகளைச் செங்கல் குவியல்கள் இழுத்துப் பிடிக்கின்றன. உள்பக்கக் கைகளுக்கு நடுவே தொங்கும் பலகையில் மூன்றாவது ஆள் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். பாலம் எப்படி நிற்கிறது என்பதை மக்களுக்குப் புரியவைக்க இப்படிச் செய்துகாட்டினார்களாம். நடுவில் இருப்பவர் ஸ்காட்லாந்துக்காரர் அல்ல, அங்கே வேலைக்கு வந்திருந்த ஜப்பானியப் பொறியாளர். எங்கள் இருவருக்கும் அந்தப் படம் உடனே பிடித்துப்போனதற்கு அவர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதைச் செய்துகாட்ட ஒரே எடையில் இரண்டு பெரிய ஆட்கள் வேண்டும். எங்களிடம் இருந்தவர்கள் அந்த இருவர்தான்.

"அவன் பக்கத்துல நான் உக்காரணுமா?" என்றார் அப்பா.

"பக்கத்துல நோ, டாடி. தேர் இஸ் எ கேப்."

"எவ்ளோ கேப்?"

"ஒரு ஆள் உக்கார்ற அளவு" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே. "சங்கத்தையே ரெண்டா பிளந்தவங்களுக்கு ஒரு பலகையைப் பிடிக்க முடியாதா என்ன?"

அப்பா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: ஒத்திகை அவரவர் வீட்டில். மறுநாள் பள்ளியில் யாழினி சொன்னாள், அவள் அப்பாவும் அதே நிபந்தனையைத்தான் போட்டாராம். ஆகவே பாலத்தின் ஒரு பாதி எங்கள் கராஜிலும் மறு பாதி அவர்கள் கராஜிலும் தயாராயின. கழிகளுக்குப் பதில் அறுத்த துடைப்பக் கட்டைகள், செங்கல்லுக்குப் பதில் அரிசி மூட்டைகள்; எங்கள் வீட்டில் சோனா மசூரி, அவர்கள் வீட்டில் இட்லி அரிசி. கழியின் நீளம், மூட்டையின் எடை எல்லாவற்றையும் நானும் யாழினியும் பள்ளிப் பேருந்தில் சரிபார்த்துக்கொண்டோம். "என் பக்கம் ரெடி" என்று இரண்டு அப்பாக்களும் சொன்னார்கள். அது வேலை செய்தால் யாழினி மறுபடி வீட்டுக்கு வருவாள் என்று நான் யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்தேன்.

போட்டியன்று பள்ளியின் ஜிம்மில் இருவரும் வந்து நின்றபோதுதான் யாரும் கேட்காத ஒரு கேள்வி தெரிந்தது. அப்பா கொண்டுவந்தது எங்கள் டைனிங் நாற்காலி. அங்கிள் கொண்டுவந்தது புதுச் சங்கத்தின் மடக்கு நாற்காலி. பலகை சாய்ந்து, நான் உட்கார்ந்த வேகத்தில் அங்கிள் பக்கமாகச் சறுக்கி இறங்கினேன்.

"சேர் என்ன உயரம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு கண்ணு" என்றார் அங்கிள் என்னிடம்.

"கேட்டா பதில் வந்திருக்குமான்னு கேளு" என்றார் அப்பா, அதையும் என்னிடமே.

யாழினி போய், ஓரத்தில் அடுக்கியிருந்த பள்ளி நாற்காலிகளில் ஒரே மாதிரியான இரண்டை இழுத்துவந்து போட்டாள். அதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். மூட்டைகளின் கயிறு விறைத்தது, பலகை ஒரு விரற்கடை இறங்கி நின்றது.

அன்று வந்த நடுவர்களில் ஒரு பெண்மணி எதையும் அவசரமில்லாமல் கேட்பவர். லீக்கைப் பற்றிக் கேட்டார். வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கேட்டார். யாழினி ஒவ்வொன்றுக்கும் முழுப் பதில் சொன்னாள். நான் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்கு என் வழியாகப் பேச வசதியில்லாமல் போயிற்று.

"முருகேஷ், உன் கை இறங்குது."

"இறங்கலைங்க. நீங்க முழங்கையை மடக்காதீங்க மோகன், எல்லாம் இங்க இழுக்குது."

"உன் பொண்ணு எப்ப முடிப்பா?"

"அவளுக்கு யாராச்சும் மைக்கை ஆஃப் பண்ணாத்தான்."

பலகை ஆடியது. அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அந்த நடுக்கம் கை வழியாகக் கழிக்கும் கயிற்றுக்கும் இறங்கி என்னை வந்து சேர்ந்தது. இன்னொரு பக்கத்திலிருந்தும் அதே நடுக்கம் வந்தது.

பரிசு வேறு யாருக்கோ போனது. நாங்கள் வீடு திரும்பியபின் பார்த்தால் எங்கள் கார் டிக்கியில் இருந்தது இட்லி அரிசி. மூட்டைகளை ஏற்றியவர்கள் அம்மாவும் சுமதி ஆன்ட்டியும். இந்தச் சண்டை நெடுகிலும் இந்தியக் கடை வாசலில் நின்று பேசுவதை ஒரு வாரம்கூட நிறுத்தாதவர்கள் அவர்கள். "மாத்திட்டு வாங்க, நாளைக்குச் சோறு வைக்கணும்" என்றாள் அம்மா. அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். கராஜ் வாசலில் மூட்டையை இறக்கியவரை ஆன்ட்டி காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அப்பா உள்ளே போய் உட்கார்ந்தார், காபியை வாங்கிக்கொண்டு, "அன்னிக்கு உங்க பேர் வர்றதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டேன்மா. தப்புதான்" என்றார். அங்கிள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் யாழினியும் மாடிக்குப் போய்விட்டோம்.

அந்தச் சனிக்கிழமை யாழினி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அந்த வீட்டை விற்றாகிவிட்டது. அறுத்த துடைப்பக் கட்டைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. யாழினி ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாள். நான் ஆஸ்டினில், நெடுஞ்சாலைப் பாலங்களுக்குக் கணக்குப் போடும் அலுவலகமொன்றில் வேலை செய்கிறேன். அங்கிளும் ஆன்ட்டியும் வேலை மாறி ரிச்சர்ட்சன் போய்விட்டார்கள்.

இந்த ஆண்டு பழைய சங்கத்தின் பொங்கலுக்கு அங்கிளைப் பேச அழைத்திருந்தார்கள். ஒலிபெருக்கி மேசையில் வழக்கம்போல அப்பா. கொடுத்த நேரம் தாண்டிவிட்டதை உணர்ந்த அங்கிள் பேச்சை நிறுத்தி, "மோகன், கை எங்க இருக்குதுங்க?" என்று மைக்கிலேயே கேட்டார். அப்பா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்துக் காட்டினார். அங்கிள் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். சுமதி ஆன்ட்டியின் பெயரை முதலில் சொன்னார்.

ரவுண்ட் ராக்கில் இன்றும் இரண்டு தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. பொங்கல் விழாக்கள் வெவ்வேறு சனிக்கிழமைகளில் நடக்கின்றன. நாங்கள் இரண்டுக்கும் போகிறோம்.