பெயர், ஐடி, ரூம், ஜில்லா

1. செருப்போடு வந்த ஹபீப்

ஹபீப் அன்றைக்கு என் ஆபீசுக்குள் செருப்போடு வந்துவிட்டான். அவனை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும், ஒரு நாள்கூட அப்படி வந்ததில்லை. பங்களாதேஷ்காரன், ஸ்கஃபோல்டிங் ஃபோர்மேன். சாரம் கட்டுகிற கேங்குக்குத் தலைவன். ஐந்து வேளையும் தொழுகிறவன், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டான். அன்றைக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. போனை என் மேஜைமேல் வைத்து, "பாய், நீங்களே பாருங்க, நம்ம கேம்ப்ல சோறு தின்னுக்கிட்டு ஒருத்தன் பண்ணியிருக்கிற வேலையை" என்றான். எங்களுக்குள் பேச்சு இந்தியில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

நான் அப்போது அபுதாபிக்கு மேற்கே ஒரு கேம்ப்பில் கேம்ப் பாஸ். பக்கத்துக் கேஸ் பிளான்ட்டை நிறுத்தி ரிப்பேர் பார்க்கிற ஷட்டவுன் வேலைக்காகப் போட்ட கேம்ப் அது. பாஸ் என்பதெல்லாம் பெயரில்தான். எந்த ரூமில் ஏசி ஓடவில்லை, எந்த பாத்ரூம் அடைத்துக்கொண்டது, யாருக்கு யாரோடு அடிதடி என்று ஆயிரம் பேரைக் கட்டி மேய்க்கிற வேலை. தொண்டியில் என் உம்மா மட்டும் கடைசிவரை நான் ஏதோ கலெக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போனில் இருந்தது ஒரு பேஸ்புக் பக்கம். போட்டோவில் நிர்மல். ஹபீப் கேங்கில் வேலை செய்கிற ஸ்கஃபோல்டர், அதே நாட்டுக்காரன், இந்துப் பையன். இருபத்தெட்டு வயசு இருக்கும். போட்டோவுக்குக் கீழே ஒரு பதிவு. நபிகள் நாயகத்தைப் பற்றி. என்ன எழுதியிருந்தது என்று இங்கே சொல்லமாட்டேன், என் பேனாவில் அது வராது.

பங்களாதேஷில் அதற்குச் சில மாதம் முன்புதான் மாணவர்கள் தெருவில் இறங்கி ஆட்சியே கவிழ்ந்திருந்தது. எங்கள் கேம்ப்பில் அன்று அந்த நாட்டுக்காரர்கள் ஸ்வீட் கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அவர்களில் இருந்த கொஞ்சம் இந்துப் பையன்கள் மட்டும் அன்றைக்கெல்லாம் போனும் கையுமாக வீட்டோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏசி கம்ப்ளைன்ட் இல்லையே, எனக்கென்ன.

2. நான் செய்த வேலை

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பதிவைப் படித்ததும் எனக்கும் ரத்தம் கொதித்தது. இவ்வளவு வருஷம் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்ட பயலா இப்படி என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில், நான் தினமும் பத்துத் தடவை செய்கிற காரியத்தைச் செய்தேன்.

கேம்ப்பில் எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப் ரிப்போர்ட்தான். குழாய் ஒழுகினால் படம் எடுத்து, ஒழுகுகிற இடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு, குரூப்பில் போடவேண்டும். ஆள் தப்பு செய்தால் அவன் விவரம் ஃபார்மாட்படி கீழே: பெயர், ஐடி, ரூம், ஜில்லா. ஜில்லா எதற்கென்றால், ஒரே ஊர்க்காரர்கள் கூட்டம் சேர்ந்து சண்டை போட்டால் பிரித்துப் போடுவதற்கு. அந்த ஃபார்மாட்டை ஏற்படுத்தியதே நான்தான். அதற்காக ஒரு வருஷம் சர்டிபிகேட்கூடக் கொடுத்தார்கள்.

ஹபீப் அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினான். நான் பதிவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். கீழே ஃபார்மாட்படி நிர்மலின் முழுப் பெயர், ஐடி, ரூம் நம்பர், ஜில்லா. கேம்ப் குரூப்பில் போட்டேன். ஃபோர்மேன், சூபர்வைசர், ஹெச்ஆர், செக்யூரிட்டி எல்லாம் சேர்த்து அறுபது எழுபது பேர் அதில். போட்டுவிட்டு சாயங்கால மஃரிப் தொழப் போய்விட்டேன்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஹெச்ஆர் மேனேஜர் செல்வராஜ் சாரிடமிருந்து ஏழு மிஸ்டு கால். நாகர்கோவில்காரர், சாதாரணமாக அதிர்ந்து பேசமாட்டார். திருப்பி அடித்தேன்.

"பாய், உங்களுக்கு மண்டையில ஏதாவது இருக்கா?"

"சார், ரிப்போர்ட்தானே..."

"என்ன ரிப்போர்ட்டு? இந்த நாட்டுல எந்த மதத்தைப் பழிச்சாலும் கேஸு. பழிச்சதைப் பரப்புனாலும் கேஸு. போலீஸ் வந்தா அவனுக்கு முன்னாடி உங்களைத்தான் தூக்குவான். முதல்ல அதை அழியும்வே!"

அழித்தேன். ஆனால் அதற்குள் எத்தனை போனில் இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன. செல்வராஜ் சார் அடுத்த வார்த்தையிலேயே முடிவையும் சொல்லிவிட்டார். "நாளைக்குச் சாயங்காலம் ஃப்ளைட். விசா கேன்சல். போலீஸ் வரைக்கும் போகவேண்டாம். ஆளை டாக்காவுல இறக்கிவிட்டா நமக்கு கலாஸ், முடிஞ்சுது."

கம்பெனி உலகத்தில் எந்தத் தலைவலிக்கும் இந்த ஒரே மாத்திரைதான். குடித்துவிட்டு கலாட்டா பண்ணினாலும் டிக்கெட், ஸ்ட்ரைக் பேசினாலும் டிக்கெட். நானே எத்தனையோ பேரை பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அதனால் சரி சார் என்றேன்.

3. பெட்டி கட்டச் சொல்லப் போனது

மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு. காலையில் நிர்மல் ரூமுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். ஹபீப் அனுப்பிய படத்தைக் காட்டி, சாயங்காலம் ஃப்ளைட், பெட்டியைக் கட்டு என்றேன்.

அழுவான், காலில் விழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாய், ஏர்போர்ட்ல என்னைப் போலீஸ் பிடிக்குமா?" என்று கேட்டான்.

"பிடிச்சாலும் பிடிக்கும்."

"பிடிச்சா நல்லது" என்றான். "மதத்தைப் புண்படுத்தினா ஜெயில்னு சட்டம் எங்க ஊர்ல ரொம்ப நாளாவே இருக்கு. இப்ப அது பத்தாது, தூக்குல போடணும்னு ஊர்வலம் போறாங்க. கேஸ் எழுதறதுக்கு முன்னாடியே கூட்டம் வந்துடுது. ஜெயிலுக்குள்ள போயிட்டா உயிராவது இருக்கும். போலீஸ் பிடிக்காம ஊருக்குப் போனாத்தான் பயம்."

அப்போதுதான், முதல் தடவையாக, "டேய், நீதான் இதைப் போட்டியா?" என்று கேட்டேன்.

"எனக்கு பேஸ்புக்கே கிடையாது பாய். இந்த போட்டோ போன பூஜைக்கு ஊருக்குப் போனப்ப என் தம்பி எடுத்தது. எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கான்."

நான் ஹபீபை வரச்சொன்னேன். அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தோம். நேற்று கோபத்தில் பார்க்காததெல்லாம் இப்போது கண்ணில் பட்டது. பக்கம் ஆரம்பித்தே ஒரு வாரம்தான். அதில் இருந்தது இந்த ஒரே பதிவு. லைக் மூன்றோ நான்கோ. பதிவு போட்டது செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால்.

ஹபீப் தலையில் கை வைத்துக்கொண்டான். "யா அல்லாஹ்! செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இவன் என்கூட டவர் மேல இருந்தானே."

பிளான்ட்டுக்குள் யாரும் போன் கொண்டுபோக முடியாது. கேஸ் கசிந்தால் தீப்பிடிக்கிற இடம். காலையில் கேட்டில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கவேண்டும், டூட்டி முடிந்து டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கவேண்டும். இரண்டுக்கும் ரெஜிஸ்டரில் கையெழுத்து. இது ஹபீபுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், குரூப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நேரத்தைப் பார்க்கத்தான் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

ஹபீபும் நானும் கேட்டுக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை பக்கத்தில் நிர்மல் போனைக் கொடுத்தது காலை ஐந்தே முக்கால், திரும்ப வாங்கியது சாயங்காலம் ஐந்தரை. ஜெராக்ஸ் எடுத்தோம். "அந்த நேரம் இவன் என் கண் முன்னால் வேலை செய்தான்" என்று அதன்மேல் எழுதி ஹபீப் கையெழுத்துப் போட்டான். பிறகு நிர்மலிடம் போய், "மன்னிச்சுக்கோ தம்பி, ஆத்திரத்துல தூக்கிட்டு ஓடினேன்" என்றான். அந்த விஷயத்தில் அவன் என்னைவிட நல்ல மனுஷன். நான் அப்போது மன்னிப்புக் கேட்கவில்லை.

செல்வராஜ் சாருக்கு ஜெராக்ஸை அனுப்பி, டிக்கெட்டை நிறுத்துங்கள் என்றேன். அவர் அசையவில்லை. "அவன் போட்டானோ போடலையோ, ஆளு இங்க இருந்தா நமக்கு ரிஸ்க் பாய். போயிட்டா முடிஞ்சுது."

"போயிட்டா அவன் முடிஞ்சான் சார்."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "டிக்கெட்டை நிறுத்தலைன்னா நானே போலீஸ் ஸ்டேஷன் போறேன். படத்தைப் பரப்பினது நான்தான், அவன் இல்லைன்னு எழுதிக் கொடுக்கிறேன். ரெஜிஸ்டரையும் காட்டுறேன். என்னைப் பிடிச்சு உள்ள வைக்கட்டும்" என்றேன். ரிட்டயர் ஆக எனக்கு ஒன்றரை வருஷம்தான் பாக்கி. "நீரெல்லாம் ஒரு ஆளு" என்று சொல்லி செல்வராஜ் சார் போனை வைத்துவிட்டார். மத்தியானம் மெசேஜ் வந்தது. டிக்கெட் இல்லை, நிர்மலுக்கு ஷார்ஜாவில் இருக்கிற கம்பெனி யார்டுக்கு ட்ரான்ஸ்பர். நான் ஜும்ஆ தொழுகையில் அழுதேன், பக்கத்தில் இருந்தவர்கள் ஊரில் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

4. ஊரிலிருந்து வந்த படம்

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நிர்மலின் தம்பி அவனுக்குப் போன் செய்தான். கூட்டம் வீட்டுக்கு வந்துவிட்டது. தகரக் கூரையைப் பிய்த்து, சாமான்களை வெளியே இழுத்துப் போட்டு நெருப்பு வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஸ்கூல் வாத்தியார், முஸ்லிம்தான், அப்பா அம்மாவையும் நிர்மல் மனைவியையும் கைக்குழந்தையையும் பின்பக்கமாக இழுத்துத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நின்றிருக்கிறார். அதனால் உயிர் பிழைத்தார்கள். போலீஸ் வந்து கேஸ் எழுதியது, நிர்மல் பெயரில்.

கூட்டத்தில் எல்லோர் போனிலும் இருந்த படத்தைத் தம்பி அனுப்பியிருந்தான். நிர்மல் ஷார்ஜாவிலிருந்து அதை எனக்கு அனுப்பினான், பாய் இது என்ன என்று கேட்டு.

சிவப்பு வட்டம். கீழே பெயர், ஐடி, ரூம், ஜில்லா.

அந்தப் பொய்ப் பக்கத்தில் இருந்தது ஒரு போட்டோவும் பாதிப் பெயரும் மட்டும்தான். நாலு பேர் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அதை இன்னார், இந்த ஜில்லா என்று முழுப் பெயரோடு ஊருக்குச் சொன்னது நான். யார் அந்தப் பக்கத்தைத் தொடங்கினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவர்கள் வீட்டை ஒட்டிய நிலத்துக்கு ஏதோ தகராறு இருந்ததாம், ஆட்சி மாறினபிறகு எதிராளிக்குக் கை ஓங்கிவிட்டதாம். அதெல்லாம் கேள்விப்பட்டதுதான். என் ஃபார்மாட் மட்டும் கேள்விப்பட்டது இல்லை.

அடுத்த லீவு நாளில் ஷார்ஜாவுக்கு பஸ் ஏறினேன். யார்டு வாசலில் டீக்கடை. அவனை உட்காரவைத்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். வட்டம் போட்டது நான், விவரம் எழுதியது நான், அனுப்பியது நான். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வேன் என்றேன். அழுதுவிட்டேன், வயசான காலத்தில் டீக்கடையில்.

அவன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே பாய்" என்றான். அவ்வளவுதான்.

நான் ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்துவிட்டேன். நிர்மல் இன்னும் அதே யார்டில்தான் இருக்கிறான். கேஸ் இன்னும் முடியவில்லை, அதனால் லீவுக்குப் போக முடியாது. குடும்பம் டாக்காவில் ஒரு உறவுக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. கைக்குழந்தை இப்போது நடக்கிறதாம், போனில் அவனை மாமா என்று கூப்பிடுகிறதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கேம்ப் பாஸ், சூபர்வைசர் என்று இப்போது புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். குழாய் ஒழுகினால் படம் எடுங்கள், வட்டம் போடுங்கள், அனுப்புங்கள். ஆளைப் பற்றிப் படம் வந்தால் முதலில் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். உங்களுக்கு எவ்வளவு நியாயமான கோபம் வருகிறதோ அவ்வளவுக்குக் கட்டாயமாகக் கேளுங்கள்.

நான் வட்டம் போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நிர்மல் மெஸ் லைனில் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். லைன் என் ஆபீஸ் ஜன்னலை ஒட்டித்தான் போகும். ஜன்னலும் திறந்துதான் இருந்தது.