தோற்றவரின் பங்கு

தேர்தலில் தோற்றுப் பணக்காரரான ஒருவரை எனக்குத் தெரியும். வென்று பணக்காரராவதை யாரும் செய்வார்கள். தோற்றும் அதைச் செய்துகாட்டத் தனித் திறமை வேண்டும்.

நான் அப்போது இறக்கக்கண்டி என்ற கடற்கரைக் கிராமத்தில் ஆசிரியர். பாடசாலைக்குத் தென்னோலைக் கிடுகுக் கூரை. அதைத் தாங்கிய வளைமரம் உளுத்துப்போய், ஒரு தென்னங்குற்றியின் தயவில் நின்றது. மாரிக்கு முன்னர் தகரம் போடாவிட்டால் பிள்ளைகளின் தலையில் இறங்கும் என்று மனு எழுதியே களைத்துப்போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் வேட்பாளர் வந்தார், கசங்கிய வேட்டியும் பழைய சைக்கிளுமாக. சைக்கிளைப் பார்த்தே பாதிப்பேர் உருகிவிட்டார்கள்.

கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் கரைவலையின் மீன் விற்ற காசைப் பிரிக்கும்போது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒவ்வொரு பங்கு ஒதுக்குவது அந்தக் கரையின் வழக்கம். அதைக் கேள்விப்பட்ட வேட்பாளர், தேர்தல் செலவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கும்படி வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டார். வென்றாலும் தோற்றாலும் மிச்சப் பணம் பாடசாலைக் கூரைக்குத்தான் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். அன்று முதல் அவருடைய மச்சான் தினமும் வந்து பங்கை வாங்கிப் போனார். கடவுளுக்குச் சமமாகப் பங்கு வாங்கிய வேட்பாளர் வேறு எங்கும் இருந்திருக்க மாட்டார்.

தேர்தல் முடிந்தது. அவர் தோற்றார், கட்டுப்பணமும் போனது. மச்சான் மட்டும் போகவில்லை. மறுநாளும் கரையில் நின்றார். இனி என்னத்துக்குப் பங்கு என்று சம்மாட்டியிடம் கேட்டேன்.

"வலையில பங்கெண்டு ஒதுக்கினா பருவம் முடியுமட்டும் நிப்பாட்ட ஏலாது, மாஸ்டர்" என்றார்.

ஆக, தேர்தல் முடிந்த பிறகும் தேர்தல் செலவு பருவம் முடியும் புரட்டாதி வரை நடந்தது. பட்டணத்தில், வசதியானவர்கள் இருக்கும் ஓர்ஸ் ஹில்லில் அவருக்கு ஒரு வீடும் எழும்பியது. நல்ல ஓட்டுக்கூரை, ஒழுகாது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பருவக் கடைசியில் அவர் வாக்களித்தவர்களுக்கு நன்றி சொல்லக் காரில் வந்தார். படம் எடுக்க ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். வலைக் கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் நின்றார். படம் எடுத்ததும் கயிற்றை விட்டார். நான் கூரைப் பணத்தைக் கேட்டேன்.

"தேர்தல் எங்க மாஸ்டர் முடிஞ்சது? அடுத்தது வருந்தானே" என்று சிரித்தார்.

எனக்குக் கை துறுதுறுத்தது. அரசாங்கச் சம்பளத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன். கயிற்றில் கை வைத்தவருக்குக் கறிக்கு மீன் கொடுப்பதும் அங்கே வழக்கம். சம்மாட்டி இரண்டு பொடிச் சூடை மீனை ஓலைத் துண்டில் வைத்து அவரிடம் நீட்டினார்.

"இது கயிறு பிடிச்சதுக்கு, ஐயா. இதோட உங்கட பங்கு முடிஞ்சுது."

மானமுள்ளவர் அந்த மீனைத் தொட்டிருக்க மாட்டார். இவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மச்சானிடம் கொடுத்துக் காரில் வைக்கச் சொல்லிவிட்டு, பெரிய பாரை மீன் ஏதும் படவில்லையா என்று விசாரித்தார்.

கார்த்திகை மழையில் கூரை இறங்கியது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. மாரி முடியும்வரை பாடசாலை மூடிக் கிடந்தது. பிறகு மரநிழலில் வகுப்பு நடத்தினேன். பெரிய வகுப்புப் பையன்களில் பலர் திரும்பி வரவில்லை, தகப்பன்மாரோடு வலைக்குப் போய்விட்டார்கள். அடுத்த பருவத்தில் ஒருநாள் அவர்களைக் கரையில் கண்டேன். கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தவன் இழுத்த கயிற்றை விடாமலே கேட்டான்.

"கூரை போட்டாச்சோ, மாஸ்டர்?"

இல்லை என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்து இழுத்தான்.