வெயில் பக்கத்துப் படங்கள்

கடல் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ஊமைக்கோட்டான். வைத்தவள் வேறு யாருமில்லை, எதிர் மேஜைக்காரிதான். அவளுக்கு வாய் ஓயாது. அவரோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் பன்னிரண்டு வருஷமாக எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இவள் பேனா தீர்ந்துபோனால் புதுப் பேனா தானாக மேஜைக்கு வந்துவிடும். யார் வைத்தது என்று கேட்டால் மனுஷர் ஜன்னலைப் பார்ப்பார்.

அவள் வேலை டால்பின்களை எண்ணுவது. முதுகுத்துடுப்பில் உள்ள கீறலையும் தழும்பையும் வைத்துத்தான் எது எதுவென்று கண்டுபிடிப்பாள். மூன்று வருஷம் படகில் அலைந்து, படம் எடுத்து, அறுபத்திரண்டு என்று கணக்கை முடித்தாள். கப்பல்களை டால்பின்கள் திரியும் அந்தப் பக்கம் வராமல் விலக்குவதா வேண்டாமா என்பதே அந்த அறிக்கையை வைத்துத்தான். அந்த நேரம் பார்த்து இயக்குநர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். துடுப்பின் ஒரு பக்கம் ஒரு தழும்பு, மறுபக்கம் வேறு தழும்பு என்றால், ஒரே டால்பினை இரண்டாக எண்ணியிருக்கலாமே? வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் அறிக்கை போகாது என்றுவிட்டார்.

அவள் நேராகக் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். படங்களைப் புரட்டினால், முக்கால்வாசி டால்பினுக்குத் துடுப்பின் ஒரு பக்கம்தான் இருக்கிறது. இருக்காதா பின்னே? காலைப் பயணத்தில் படகின் ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் மண்டையைப் பிளக்கும் வெயில். படகில் போகும் நிலையத்துக்காரர்கள் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தால் படம் மட்டும் எப்படி இரண்டு பக்கமும் கிடைக்கும்?

அன்று மத்தியானம் ஊமைக்கோட்டான் ஒரு ஹார்டு டிஸ்க்கை அவள் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார். திறந்து பார்த்தால், அத்தனையும் துடுப்பின் மறுபக்கம்! ஒவ்வொரு பயணத்திலும் வெயிலில் உட்கார்ந்தவர் அவர் ஒருத்தர்தான். நிழல் பக்கம் முங்கிய டால்பின் படகுக்கு அடியில் புகுந்து அவர் பக்கம் எழுந்தபோதெல்லாம் எடுத்து, நேரத்தையும் குறித்திருக்கிறார்; நிழல் பக்கப் படத்தின் நேரத்தோடு பொருத்தினால் போதும். இவருக்கா பட்டப்பெயர் வைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

மூன்று நாள் இருவரும் கண் பூத்துப்போக ஒப்பிட்டார்கள். ஐந்து டால்பின்களை இரட்டையாக எண்ணியிருந்தாள். மிச்சம் ஐம்பத்தேழு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் சாட்சி. அறிக்கையில் உங்கள் பெயர்தான் முதலில் என்று அவள் சொன்னதும் அவர் அவசரமாக டீ வாங்கக் கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இயக்குநர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அறிக்கை போகலாம் என்றார். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"சார், இதுல பாதி அவரோடது. நாங்கல்லாம் நிழலைப் பிடிச்சுக்கிட்டோம், அவர் மூணு வருஷம் வெயில்ல காஞ்சார். அவர் இல்லேன்னா ஐம்பத்தேழுன்னு நான் நெஞ்சை நிமித்திச் சொல்லியிருக்க முடியாது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனுஷர் நாற்காலியில் நெளிந்தார். அவள் விடுவதாக இல்லை, அடுத்த பாராட்டுக்கு வாயெடுத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் கூட்டத்தில் கையைத் தூக்கினார்.

"ஐம்பத்தெட்டு," என்றார். "இன்னிக்குக் காலைல படகுல போனப்ப இருபதாம் நம்பர் டால்பின் புதுக் குட்டியோட வந்துச்சு. அப்பவே சொல்லியிருப்பேன். நீங்க பதட்டமா இருந்தீங்க."